கார் கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டால் முதலில் விரலால் ஒரு கோடு

நவம்பர் மாதத்து இரவு, கத்திப்பாரா பாலத்தின் வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறேன். வெளியே நல்ல மழை. கல்யாண ரிசப்ஷன் முடிந்து நான்கு பேரும் தொப்பலாக நனைந்து வண்டியில் ஏறியிருந்தோம். பின் சீட்டிலிருந்து அம்மா, "குளிருதுடா, அந்த ஏசியக் கொஞ்சம் நிறுத்தேன்" என்றார். நிறுத்தினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, முன் கண்ணாடி மொத்தமும் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. பதறிப்போய் உள்ளங்கையால் துடைத்தேன். துடைத்த இடம் எண்ணெய் பூசியதுபோல் ஆகி, முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு தெரிந்தது. ஏசியை நிறுத்தியதும் தப்பு, கையால் துடைத்ததும் தப்பு.

ஏழெட்டு மாதம் கழித்து, ஜூலையில் ஒரு விடியற்காலை. மழையே இல்லை. அதே கண்ணாடி மறுபடி வெளுத்தது. இந்த முறை பாடம் படித்தவனாக ஏசியைக் கூட்டினேன். இன்னும் மோசமாகிவிட்டது.

இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வைத்தியம் நேர் எதிர். சென்னையில் இந்த இரண்டும் ஒரே வாரத்திலேயே வரும். அதனால் எந்தப் பட்டனைத் தொடுவதற்கு முன்னாலும், கண்ணாடியின் உள்பக்கம் ஓரமாக விரல் நுனியால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. விழவில்லையென்றால் வைப்பரை ஒரு தடவை ஓட்டுங்கள். பளிச்சென்று தெளிந்தால் ஈரம் வெளியே. விரலுக்கும் மசியாமல் வைப்பருக்கும் மசியாமல் நின்றால் அது ஆவியே இல்லை, அழுக்கு.

கோடு விழுகிறது: ஈரம் உள்பக்கம்

மழைக்காலத்தில் அதிகம் வருவது இதுதான். மழைத் தண்ணீர் விடாமல் வழிந்து கண்ணாடியை 24, 25 டிகிரிக்கு இறக்கி வைத்திருக்கும். உள்ளே நான்கு பேரின் மூச்சு, ஈரச் சட்டை, காலடியில் சொட்டும் குடை. மூச்சு வழியாக மட்டும் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 300 முதல் 400 மில்லி தண்ணீரை வெளியே விடுகிறார். அந்த ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் நுண்ணிய துளிகளாக ஒட்டிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது வரிசையாக:

1. ஏசி பட்டனைப் போடுங்கள். ஏசி வேலை செய்வது குளிருக்காக மட்டும் இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்து, வண்டிக்கு அடியில் இருக்கும் குழாய் வழியாகச் சொட்டவிடுவதும் அதுதான்.
2. காற்று போகும் திசையை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். விசிறி மாதிரி வளைந்த கட்டத்துக்குள் மூன்று நெளிகோடு போட்ட படம்தான் அதற்கான அடையாளம். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள பல வண்டிகளில் அந்த ஒரு பட்டனை அழுத்தினாலே ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடும்.
3. புளோயரை, அதாவது காற்று விசிறியை, முழு வேகத்தில் வையுங்கள்.
4. காருக்குள் அம்பு சுற்றுகிற மாதிரி இருக்கும் பட்டனை அணைத்துவிட்டு வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.
5. அவசரம் என்றால் இரண்டு பக்க ஜன்னலையும் அரை அங்குலம் இறக்குங்கள். கொஞ்சம் சாரல் அடிக்கும், பரவாயில்லை. ஒரு நிமிடத்தில் பார்வை வந்துவிடும்.

இதில் நான்காவதைப் பற்றி ஒரு சந்தேகம் நியாயமாக வரும். மழை நாளில் வெளிக்காற்றே ஈரம்தானே, அதை ஏன் உள்ளே விட வேண்டும்? ஏசி ஓடாமல் விட்டால் பெரிய பலன் இருக்காதுதான். ஆனால் ஏசி ஓடும்போது உள்ளே வரும் காற்று குளிர்ந்த சுருளைத் தாண்டி ஈரத்தை இழந்துதான் வருகிறது. அதோடு, நனைந்த நான்கு பேர் அடைந்து கிடக்கிற காருக்குள் இருக்கும் காற்றைவிட வெளிக்காற்று மேல். தனி ஆளாக, காய்ந்த சட்டையோடு ஏசி போட்டுக்கொண்டு போனால் உள்காற்றைச் சுற்றவிட்டாலும் கண்ணாடி மூடாது. கோயம்பேடு பக்கம் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது நானும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன். ஏசியும் இல்லாமல், உள்காற்றும் சுற்றிக்கொண்டு இருந்தால்தான் வம்பு. மைலேஜுக்காக ஏசியை நிறுத்தி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வது அந்த நிலையில்தான்.

சரி, அம்மாவுக்குக் குளிருகிறதே? ஏசியை நிறுத்தாமல் வெப்பநிலைத் திருகைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். சென்னையில் வண்டி வாங்கி பத்து வருடம் ஓட்டியவர்கூட அந்தச் சிவப்புப் பக்கத்தைத் தொட்டிருக்க மாட்டார். அங்கே திருப்பினால், ஏசியில் ஈரம் போன காற்று என்ஜின் சூட்டில் லேசாக வெதுவெதுப்பாகி வரும். காய்ந்த, வெதுவெதுப்பான காற்று: கண்ணாடிக்கும் அதுதான் வேண்டும், அம்மாவுக்கும் அதுதான் வேண்டும்.

ஏசியை நிறுத்திய அரை நிமிடத்தில் ஏன் அப்படி வெளுத்தது என்று பிறகுதான் புரிந்தது. அதுவரை ஓடிய ஏசியின் சுருள் முழுக்க ஈரம் கோத்திருக்கும். குளிர்ச்சி நின்று புளோயர் மட்டும் ஓடினால், அந்த ஈரத்தை எல்லாம் காற்று வாரிக்கொண்டு வந்து கண்ணாடிமேல் அப்பிவிடுகிறது.

கோடு விழவில்லை, வைப்பர் போட்டால் தெளிகிறது: ஈரம் வெளிப்பக்கம்

குளிர்ந்த பன்னீர் சோடா பாட்டிலைக் கடையில் வாங்கிக் கையில் வைத்தால் ஒரு நிமிடத்தில் வெளியே வேர்க்கும் இல்லையா, அதே கதை. இங்கே பாட்டில் நம் கார்.

சென்னைக் காற்று 28 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமுமாக இருந்தால், கிட்டத்தட்ட 26 டிகிரிக்குக் கீழே இறங்கிய எந்தப் பொருளின்மேலும் பனித்துளி படியும். ஏசியை 18-இல் வைத்து, காற்றும் முன் கண்ணாடிக்குப் போனால், கண்ணாடி அதற்குக் கீழே சுலபமாக இறங்கிவிடும். டேஷ்போர்டு ஓரத்துத் துவாரங்களுக்கு நேர் மேலே, அடியிலிருந்து அரைவட்டமாக மூட்டம் ஏறி வருகிறதா? சந்தேகமே வேண்டாம், வெளிப்பக்கம்தான்.

முதலில் வைப்பர். அப்புறம் காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள். வெப்பநிலையை 25, 26-க்கு ஏற்றுங்கள். அவ்வளவுதான். இந்த நேரத்தில் அந்த மூன்று நெளிகோடு போட்ட டீஃபாகர் பட்டனை அழுத்தி, குளிர்ந்த காற்றை இன்னும் கண்ணாடிமேல் அடித்தால் ஜூலையில் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

பக்கக் கண்ணாடிகளில் வெளியே படிந்தால் ஜன்னலை முழுக்க இறக்கி ஏற்றுங்கள். கதவு விளிம்பில் இருக்கும் ரப்பரே வழித்துவிடும். சைடு மிரரைத் துடைக்க ஒரு சின்னத் துணியைக் கதவுப் பையில் வையுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் உருளும் துணி சிக்னலில் கைக்கு எட்டாது.

எதற்கும் மசியவில்லை, இரவில் விளக்கெல்லாம் சிதறுகிறது

உள்பக்கம் எண்ணெய்ப் படலம். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி, அதிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் படியும். புது வண்டியில் இது அதிகம். அதற்கு மேல் டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ், ஜெல் வாசனை டப்பா, பிள்ளையாருக்குக் காட்டும் ஊதுபத்தி. (வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டும் ஒருவரின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன், துணி பழுப்பாக வந்தது.) கடைசியாக, ஆவியைத் துடைக்கும் நம் உள்ளங்கை. இந்தப் படலம் இருந்தால் ஆவியும் சீக்கிரம் ஒட்டும், பிடித்துக்கொண்டு போகாது.

நிழலில், கண்ணாடி ஆறிய பிறகு செய்யுங்கள். இரண்டு மைக்ரோஃபைபர் துணி வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கண்ணாடிமேல் தெளிக்காமல் துணியில் ஊற்றித் துடையுங்கள், டேஷ்போர்டிலும் டச் ஸ்கிரீனிலும் சொட்டக்கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒரு துணியால் துடைத்த கையோடு, காய்வதற்குள் அடுத்த துணியால் எடுத்துவிட வேண்டும். உள்பக்கத்தை இடவலமாகவும் வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாகவும் துடைத்தால், மிச்சம் கோடு தெரியும்போது அது எந்தப் பக்கத்துக் கோடு என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் அந்த ஒடுக்கமான அடி ஓரத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். கையைத் திருப்பி, புறங்கை டேஷ்போர்டில் உரச, விரல் நுனிக்கடியில் துணியை வைத்துத் தள்ளினால் எட்டும்.

இதற்கு மேல் ஷேவிங் ஃபோமை மெல்லிசாகத் தடவித் துடைத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதிலிருக்கும் சோப்புத்தன்மையால் ஈரம் துளித்துளியாக நிற்காமல் படலமாகப் பரவும், பார்வை மறைக்காது. சில நாள் தாங்கும். அழுக்கை எடுக்காமல் மேலேயே தடவுவது வீண்.

படலம் பிசுபிசுப்பாக இருந்து, ஏசி காற்றில் இனிப்பான வாடையும் வந்தால் துடைப்பதை நிறுத்திவிட்டு, என்ஜின் ஆறியதும் பானட்டைத் திறந்து, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். ஹீட்டர் சுருளில் கசிவு இருக்கலாம். இது மெக்கானிக் வேலை. தள்ளிப் போடாதீர்கள். கூலன்ட் விஷம், தீர்ந்துபோனால் என்ஜினும் போகும்.

வைப்பர் ஓடுகிறது, ஆனால் தெளியவில்லை

எனக்கு ஒரு இடத்தில் வைப்பர் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். மாற்ற வேண்டியிருந்தது வெறும் ரப்பரைத்தான். கண்ணாடியைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

மெல்லிய கோடு கோடாகத் தண்ணீர் நிற்கிறது என்றால் ரப்பர் விளிம்பில் அழுக்கு அல்லது கீறல். ஈரத்துணியால் விளிம்பைக் கிள்ளிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை. அப்படியும் கோடு போகவில்லையென்றால் பிளேடு மாற்றும் நேரம். நடுவில் ஒரு பட்டை மட்டும் துடைபடாமல் விட்டுப்போனால் பிளேடு வளைந்துவிட்டது, அதுவும் மாற்றல்தான்.

தடதடவென்று குதித்து ஓடினால் மூன்று காரணம் உண்டு: வெயிலில் ரப்பர் விறைத்திருக்கும், கண்ணாடியில் மெழுகு இருக்கும், அல்லது வைப்பர் கை லேசாக முறுக்கியிருக்கும். வாட்டர் வாஷில் மெழுகு ஷாம்பு போட்ட மறுநாளே குதிக்க ஆரம்பித்தால் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்தாலே நிற்கும்.

நம் ஊர் வெயிலில் வைப்பர் ரப்பர் ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் பெரிய விஷயம். ஏப்ரல், மே முழுக்க காய்ந்து விறைத்துப்போய், அக்டோபரில் முதல் பெருமழை அன்றுதான் நாம் அதைக் கவனிப்போம். செப்டம்பரிலேயே மாற்றிவிடுங்கள். வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் எல்லா அளவும் கிடைக்கும். போவதற்கு முன் பழையதை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள், டிரைவர் பக்கமும் இடது பக்கமும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது. கழற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: கண்ணாடியின்மேல் மடித்த துண்டு ஒன்றை விரியுங்கள். பிளேடு இல்லாத வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் சட்டென்று திரும்பி விழுந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் என்று கடலோரம் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காலையில் கண்ணாடியில் வெள்ளையாக மங்கல் தெரிந்தால் அது பெரும்பாலும் உப்புக் காற்று விட்டுப்போனது. எடுத்ததும் வைப்பரைப் போட்டால் பிசின் மாதிரி இழுபடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போடுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் நிறுத்திய வண்டிக்கும் இதே பேச்சு. அங்கே படிவது சிமென்ட் தூசியும் மணலும், தண்ணீர் விடாமல் வைப்பர் ஓட்டினால் கண்ணாடியில் வளைவளைவாகக் கீறல் விழும். கீறல் விழுந்த பிறகு துணியும் ஸ்பிரிட்டும் உதவாது.

வைப்பர் தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் போர் தண்ணீர் செய்த வேலை. உப்பு கட்டி முனை அடைத்துக்கொள்ளும். மெல்லிய ஊசியால் துவாரத்தை மெதுவாகக் குத்திவிட்டு, டேங்கைக் காலி செய்து கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு பாக்கெட் ஷாம்பு போடுகிறவர்கள் நிறைய, நுரை தள்ளுமே தவிர பெரிய உபயோகம் இல்லை. வாஷர் திரவம் வாங்கி அளவு பார்த்துக் கலப்பது நல்லது. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட கண்ணாடியில் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை நின்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த துணியை ஐந்து நிமிடம் போட்டுவைத்துத் தேயுங்கள், பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். பழைய கறைக்கு, கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பாலிஷ்தான்.

மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடும் கோட்டிங் வாங்கலாமா? துளி உருள்வதற்கு எதிர்க்காற்று வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது அழகாக ஓடும். கிண்டியிலிருந்து தி. நகருக்கு மழையில் ஊர்ந்து போகும்போது துளி முத்து முத்தாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடிக்கடி ஈசிஆரில் நீண்ட தூரம் போகிறவர் போடட்டும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் அந்தக் காசுக்கு நல்ல பிளேடு வாங்கலாம். வைப்பர் நின்றுபோனால் பீடியைப் பிரித்துப் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பது பழைய லாரி டிரைவர்கள் வழக்கம். துளி உடைந்து தண்ணீர் தகடாக வழியும். வீடு வந்து சேரும்வரை அது போதும்.

பின் கண்ணாடி மட்டும் தெளியவில்லை

கோடு கோடாகக் கம்பி இழை இருக்கும் கண்ணாடி என்றால் அதற்கான பட்டன் இருக்கிறதா பாருங்கள். அழுத்தினால் இழை சூடாகி ஆவி போகும், பல வண்டிகளில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். மொத்தமாகவே வேலை செய்யவில்லை என்றால் ஃபியூஸ். ஒரே ஒரு வரி மட்டும் மூட்டமாக நின்றால் அந்த இழை அறுந்திருக்கிறது. வெள்ளி கலந்த கடத்தும் பெயின்ட் வைத்துச் சேர்க்கலாம். உள்பக்கம் ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டியதும், சன் ஃபிலிமைப் பிய்த்ததும்தான் பெரும்பாலும் அறுத்துவிடுகிறது. துடைக்கும்போது இழை போகும் திசையிலேயே துடையுங்கள். இழை இல்லாத மாடலில் ஏசியும் ஜன்னல் இடுக்கும்தான் வழி.

மழை நின்று நாலு நாள் ஆகியும் தினமும் காலையில் உள்ளே மூட்டம்

வண்டிக்குள் எங்கேயோ தண்ணீர் தங்கியிருக்கிறது. கால்மிதியைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடி பஞ்சு ஊறிக் கிடக்கும்.

முன் இடது பக்கம் மட்டும் ஈரமா? ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தரையில் நன்றாகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் வடிகால் குழாய் அடைத்து, அந்தத் தண்ணீர் உள்ளே வழிகிறது. ஏசி மெக்கானிக்கிடம் விட்டால் காற்றடித்துச் சரிசெய்துவிடுவார்.

ஏசி போடாமலே மழைக்குப் பின் ஈரமா? பானட்டைத் திறந்து, முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சல்லடைக்குள் பாருங்கள். பெருங்கொன்றைப் பூவும் வேப்பிலையும் மக்கிப்போய் வடிகாலை மூடியிருக்கும். மர நிழல் தேடி நிறுத்துகிற நம் எல்லாருக்கும் இது உண்டு. தண்ணீர் அங்கே தேங்கி, புளோயர் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கும். கையாலேயே வாரிவிடலாம். அப்படியே கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரையும் உருவிப் பாருங்கள், அது அடைத்திருந்தால் புளோயரை எவ்வளவு வைத்தாலும் கண்ணாடிக்குக் காற்று எட்டாது. சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் மூலைக் குழாய்களும், எல்லா வண்டியிலும் கதவின் அடி விளிம்பில் இருக்கும் ஓட்டைகளும் அடுத்த சந்தேகம்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டிகளில் பஞ்சு தானாகக் காயவே காயாது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உருவி வெயிலில் போட்டால்தான் உண்டு. சும்மா நனைந்த வண்டிக்கு, வெயில் வந்த அன்று நான்கு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

கண்ணாடி தெளிவாக இருக்கிறது, ஆனாலும் எதிரே ஒன்றும் தெரியவில்லை

தை மாதத்து விடியலில் மதுராந்தகம் ஏரி ஓரம் மூடுபனி; அதற்குச் சற்று முன்னால் ஊருக்குள் போகிப் புகை. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. இதில் கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹெட்லைட்டைத் தாழ்த்தி வையுங்கள், உயர்த்தினால் வெளிச்சம் புகையில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் திரும்புகிறீர்களா நிற்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது ஓரம் கட்டி நிறுத்தியபின் போட வேண்டியது. புகைக்குள் மட்டும், மேலே சொன்ன வெளிக்காற்றுப் பட்டனை மறந்துவிட்டு உள்காற்றைச் சுற்றவிடுங்கள், ஏசி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.